பள்ளத்தில் செத்தவனைப் பற்றிய படம்

ஒரு காட்டில் மருதன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தான். ஆற்றுக்கு அக்கரைக் காட்டோடு நடந்த போருக்குத் தம்பி கரியனையும் கூட்டிக்கொண்டு போனவன், ஒரு காலையும் தம்பியையும் இழந்து திரும்பினான். "கரியன் எதிரியின் மார்பைக் கிழித்து வீரமரணம் எய்தினான்" என்று சிங்கராஜா ஒலிபெருக்கியில் அறிவித்தார். கரியனின் மனைவி செம்பிக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் சினிமா இயக்குநர் நீலமேகம் மருதனைத் தேடி வந்தார். அவர் ஒரு மயில்.

"அண்ணே, இதுவரைக்கும் வந்த போர்ப் படமெல்லாம் சுத்தப் பொய். நான் உண்மையை எடுக்கப்போறேன். நீங்க எத்தனை எதிரியைக் கொன்னீங்க?"

"எதிரியை நான் பார்த்ததே இல்லை," என்றான் மருதன். "சேத்துப் பள்ளத்துல உட்கார்ந்திருந்தோம். பருந்துங்க மேலேயிருந்து பாறாங்கல்லைப் போட்டுட்டுப் போகும். ஒருநாள் கல்லு தம்பி மேல விழுந்துச்சு."

"அக்கரைப் பருந்து போட்டதா?"

இதற்கான பதிலை மருதன் செம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

"நம்ம பருந்து. அவ்வளவு உயரத்துலேர்ந்து பார்த்தா எல்லாப் பன்றியும் ஒண்ணாத்தான் தெரியுமாம்."

நீலமேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை அப்படியே எடுக்கிறேன். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்."

மாற்றவும் இல்லை. படம் வருவதற்கு முன்பே மருதன் செம்பியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை. "ஊரே பார்க்கட்டும் மாமா. இனிமே எவனும் போக மாட்டான்," என்றாள். மருதனும் அப்படித்தான் நம்பினான்.

முதல் காட்சிக்குக் காடே திரண்டது. படத்தில் விடியற்காலை வெளிச்சத்தில் பருந்து வட்டமிட்டது. கல் மெல்ல மெல்ல இறங்கியது. புல்லாங்குழல் அழுதது. கரியனாக நடித்த இளம்பன்றி வானத்தைப் பார்த்து, காதலியின் பெயரைச் சொல்லிச் சாய்ந்தது. கொட்டகை முழுக்க விசும்பல்.

"அவர் சாகும்போது இவ்வளவு அழகாவா இருந்துச்சு?" என்று செம்பி கேட்டாள்.

"இல்லம்மா. வெறும் சேறு. கத்தக்கூட நேரமில்லை."

"இப்படியே இருந்திருக்கலாம்," என்றாள் செம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம் பருந்து செய்த கொலையைக் காட்டியதற்காகப் படத்தைத் தடைசெய்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த சிங்கராஜா எழுந்து, பிடரிமயிரால் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் பேசினார்.

"இப்படி ஒரு துணிச்சலான படம் நம் காட்டில்தான் வர முடியும். அக்கரையில் எடுத்திருந்தால் இயக்குநரைத் தின்றிருப்பார்கள். இந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்ற, நாளையே அக்கரை மீது படையெடுக்கிறோம்."

கைதட்டல் அடங்கவில்லை. கொட்டகை வாசலிலேயே படைக்கு ஆள் எடுத்தார்கள். புள்ளிமான்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. மருதன் மூன்று காலால் நொண்டிப் போய்க் குறுக்கே நின்றான்.

"இப்பத்தானேப்பா பார்த்தீங்க? அங்க எதிரியே கிடையாது. பள்ளம்தான்."

"படத்துல நல்லாத்தான் அண்ணே இருந்துச்சு," என்றது ஒரு மான். "நீங்க சொல்லும்போதுதான் சப்புன்னு இருக்கு."

போனார்கள். அதே பள்ளம், அதே பருந்துகள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை.

நீலமேகம் மறுபடி மருதனிடம் வந்தார். "அண்ணே, இந்தத் தடவையும் நம்ம பருந்துதானாமே? போன படத்தைவிட உருக்கமா எடுத்துடலாம்."

மருதன் அவருடைய தோகையைப் பிடித்து, ஓர் இறகு விடாமல் பிடுங்கினான்.

அன்றைக்கே அவனைப் பிடித்துக் குகைச் சிறையில் அடைத்தார்கள். "இந்தக் காட்டில் வன்முறைக்கு இடமில்லை," என்று தீர்ப்பு சொன்னார் சிங்கராஜா. செம்பி உட்பட எல்லோரும் அது நியாயம்தான் என்றார்கள்.

நீதி: ஜனங்கள் போரை வெறுக்க வேண்டுமானால் படத்தை மோசமாக எடுக்க வேண்டும். மோசமாக எடுத்தால் ஒருவரும் பார்க்க வர மாட்டார்கள். ஆகவே, நல்ல இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.