பதினான்கு நொடியும் உங்கள் தங்கையின் கட்டுரையும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை மிகவும் நன்றாக இருக்கிறாள். அவள் அவ்வளவு நன்றாக இருப்பதுதான் என் பிரச்சினை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாற்பத்தொன்பது வயதில் மாலைக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, சரி, பொழுது போகுமே என்று தாராளமாகத் தலையாட்டியவன் நான். இப்போது அங்கே வாதக் கட்டுரை ஒன்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் மறைக்காமல் எழுதி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆதாரம் இல்லாவிட்டால் அது வெறும் வதந்தி என்று பேராசிரியை சொன்னாராம். அன்றிலிருந்து வீட்டில் நான் பேசுவதெல்லாம் வதந்தி. சாப்பாட்டில் உப்பு குறைவு என்றால், "ஒருத்தர் சொன்னா போதாதுங்க, வேற யாராவது சொல்லியிருக்காங்களா?" என்கிறாள். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

அதையும் பொறுத்துக்கொள்வேன் மச்சான். கட்டுரைக்கு அவள் எடுத்த தலைப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் சிக்னலில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு நேரம் போதவில்லை என்பதுதான் அவள் வாதம். அந்த விளக்குக்குப் பதினான்கு நொடி என்று நேரம் வைத்தது யார்? முப்பது வருஷமாகச் சிக்னல் கம்பங்களில் ஏறி இறங்கும் இந்த மாப்பிள்ளைதான். போன தடவை நீங்கள் முட்டியைக் காட்ட வந்தபோது, கைத்தடியோடு சாலை நடுவில் இருக்கையிலேயே விளக்கு மாறிவிட்டதே, நான் எதிர்ப்பக்கம் நின்று, "நடையைக் கூட்டுங்க மச்சான்!" என்று சிரித்தேனே, அப்போது உங்கள் தங்கை சிரிக்கவில்லை. எனக்கு வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான்கு நாள் காலையில் குடையும் நோட்டுமாகப் போய் ஆஸ்பத்திரி எதிரில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து, கடக்கிற ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்தாள். முதல் நாள் குறித்ததை வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "கைத்தடி வெச்சிருக்கவங்களையே பாத்துப் பாத்து எண்ணிட்டேங்க. நமக்குத் தோதானதை மட்டும் பொறுக்கினா அது ஆராய்ச்சியா?" என்றாள். என் முப்பது வருஷ உத்தியோகத்தில் எந்த மேலதிகாரி வாயிலும் இப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்லை. மீதி மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கடந்தார்கள், அதில் ஐம்பத்தெட்டுப் பேர் சாலையில் இருக்கும்போதே பச்சை போய்விட்டது. அதோடு விட்டாளா? நூலகத்தில் உட்கார்ந்து, வயதானவர்களின் நடைவேகம் பற்றிய மூன்று ஆய்வுகளை அகராதியும் கையுமாகப் படித்து முடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என்னை உட்கார வைத்து, "எதிர்த்தரப்புன்னா நீங்கதான். நல்லா பலமா பேசுங்க, நீங்க சொதப்பினா என் கட்டுரைக்கு மதிப்பு இல்ல" என்றாள். நானும் பொரிந்து தள்ளினேன். நடப்பவர்களுக்கு நேரத்தைக் கூட்டினால் வண்டிகள் அடுத்த முக்குவரை நிற்கும், ஆம்புலன்ஸும் அதில் மாட்டும் என்றேன். அத்தனையையும் நான் சொன்னதைவிட அழகாக எழுதிக் காட்டினாள். என் பக்க நியாயத்தை இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் சொன்னதில்லை, எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாயைக் கொடுத்தேன். "அந்தப் பதினாலு நொடி சும்மா வெச்சதில்ல. முறைப்படி அளந்து பதிவு பண்ணின நோட்டு ஆபீஸ்ல இருக்கு" என்றேன். "கொண்டு வாங்களேன்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத் தூசியைத் தட்டி, மேலாளரிடம் அனுமதி வாங்கி, நானே மார்போடு அணைத்துக் கொண்டுவந்தேன். முப்பத்தேழாம் பக்கம். என் கையெழுத்து. 'ஆஸ்பத்திரி வாசல். கடந்த நேரம் பதினான்கு நொடி. கடந்தவர்: நான். குறிப்பு: நல்ல மழை.' மூன்று பேரை நடக்க விட்டு, மெதுவாக நடப்பவரின் நேரத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் முறை. மழையில் யார் வருவார்கள்? நானே போய்விட்டேன். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. உங்கள் தங்கை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். "நடந்தீங்களா, ஓடினீங்களா?" "வேகமா நடந்தேன்." "ஆதாரம்?"

அவள் ஏளனம் செய்யவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கிடைச்ச ஆதாரத்தை மறைச்சு எழுத என்னால முடியாதுங்க. நீங்க வேணாம்னா தலைப்பையே விட்டுடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றாள். நல்ல கட்டுரையைக் கல்லூரியிலிருந்து எங்கள் ஆபீஸுக்கே அனுப்பப்போகிறார்களாம். அங்கே என் கையெழுத்தைத் தெரியாதவர் கிடையாது. ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இத்தனை வருஷம் காப்பாற்றிய பெயர் மச்சான்! அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு என் வாயால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆகவே நீங்கள் போன் செய்து, மரம் வளர்ப்பது பற்றி எழுதச் சொல்லுங்கள். அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், உங்கள் முட்டிக்கு என் அனுதாபத்தையும் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
எதிர்த்தரப்பு

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை பல்பு மாற்ற ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். மழை இல்லை. கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு, இந்த ஐம்பத்தொன்பது வயதுக் காலுக்கு எப்படி வருகிறதோ அப்படி நடந்தேன். நாலு எட்டு பாக்கி இருக்கும்போதே விளக்கு மாறிவிட்டது. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "நடையைக் கூட்டு பெரியவரே!" என்று சிரித்தார். போன் செய்ய வேண்டாம். கட்டுரை அப்படியே போகட்டும், முப்பத்தேழாம் பக்கத்தோடு என் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன். அவள் கட்டுரையில் கேட்டபடியே பச்சையை இருபத்திரண்டு நொடியாக மாற்றச் சொல்லி மேலாளரிடம் நானே மனுவும் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முட்டியைக் காட்ட நீங்கள் நிதானமாக வாருங்கள். அன்றைக்குத் தப்பு உங்கள் காலில் இல்லை, என்னிடம்தான். ஆதாரம்: நோட்டு, பக்கம் முப்பத்தேழு.