மச்சான் சீலும் மக்பூல் பாய் சீலும்

ஆம்பூர்
14.6.1988

மரியாதைக்குரிய பெரிய மச்சான் கிருபானந்தம் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஏசுராஜ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் ஜெயபுஷ்பமும் மகள் ஜெயசீலியும் சுகம். கார் மட்டும் சுகமில்லை. அங்கே சென்னையில் நீங்களும் உங்கள் சைக்கிளும் சுகம்தானே?

சைக்கிளை எதற்கு விசாரிக்கிறேன் என்றால், உங்களிடம் இருக்கும் ஒரே வண்டி அதுதான். அதை மிதித்துக்கொண்டே மோட்டார் வித்தை முழுவதையும் கற்றுக்கொண்ட உங்கள் மேதாவித்தனத்தை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. நான் ரிட்டயர் ஆன கையோடு முதலாளியின் மருமகனிடம் வாங்கிய சின்னக் காரின் டைமிங் பெல்ட்டில் விரிசல் விழுந்திருப்பதை மெக்கானிக் வாஹித் பாஷா காட்டினார் அல்லவா? அந்தப் பெல்ட்டுக்குப் பின்னால் என்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்க மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ரப்பர் சீல்கள் இருக்கின்றன. "சார், பெல்ட்டக் கழட்டுறதுதான் பேஜார் வேலை. கழட்டுன கையோட ரெண்டு சீலையும் மாத்திட்டா நிம்மதி. நாளைக்கு ஒழுவுச்சுன்னா எல்லாத்தையும் மறுபடி பிரிக்கணும்" என்றார் அவர். நல்ல புத்தி சொன்னால் நமக்குப் பிடிக்குமா? ஜெயபுஷ்பம் உங்களைக் கேட்கச் சொன்னாள், கேட்டேன். "ஒழுகாத சீலைத் தொடாதே, தொட்டால்தான் ஒழுகும்" என்று கார்டு போட்டீர்கள். அந்தக் கார்டு இப்போது எங்கள் வீட்டு பைபிளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அதோடு விட்டதா? பக்கத்து வீட்டு மக்பூல் அகமது பாயை உங்களுக்குத் தெரியுமே, தோல் ஷாப்பில் மேஸ்திரி. இந்த ஊரில் யாருக்கு எது உடைந்தாலும் தோலில்தான் வைத்தியம். "ரப்பர் இன்னாத்துக்கு சார்? ஆம்பூர்ல இருந்துகினு ரப்பர் தேடுனா சிரிப்பாங்க. பழைய மிஷினுக்கெல்லாம் தோல் சீல்தான். நானே வெட்டித் தர்றேன்" என்று நல்ல தோலாகப் பார்த்து, எண்ணெயில் ஊறவைத்து, வளையமாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாஹித் பாஷா அதை வாங்கிப் பார்த்து, "பாய், இது என்ஜின், செருப்பு இல்லே" என்றார். நான் என்ன செய்வேன்? உங்கள் பேச்சைத் தட்டினால் உங்கள் தங்கை ஒரு மாதம் குழம்பில் உப்புப் போட மாட்டாள். பாய் பேச்சைத் தட்டினால் பக்ரீத் பிரியாணி வராது. மெக்கானிக் பேச்சைத் தட்டினால் கார்தானே ஓடாது? அதனால் கீழே இருந்த பழைய சீலை உங்கள் மரியாதைக்காக அப்படியே விட்டேன். மேலே பாயின் மரியாதைக்காகத் தோல் சீல் போட்டேன். பெல்ட் மட்டும் புதுசு. வாஹித் பாஷா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடியைப் போட்டார்.

போன சனிக்கிழமை வாலாஜாபேட்டையில் ஜெயசீலிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை ஐசக் வீட்டுக்குக் கிளம்பினோம். அவருடைய அம்மா சவுரியம்மாளுக்கு முட்டி வலி, பயணம் செய்ய முடியாது. பெண்ணை அழைத்து வாருங்கள், பார்த்துவிட்டு வாக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்கள். எத்தனை வரன் தட்டிப்போன பிறகு வந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிகொண்டா தாண்டியதும் கார் இருமியது, விக்கியது, நின்றது. இறங்கிப் பார்த்தால் ரோடெல்லாம் ஆயில். பட்டுப்புடவையோடு குனிந்து பார்த்த ஜெயசீலி, "அப்பா, மாமா சீல் போய்டுச்சு" என்றாள். ஆமாம் மச்சான், உங்கள் சீலேதான். ஆயிலில் ஊறி வழுக்கிய புது பெல்ட் பல் தாண்டி என்ஜினை நிறுத்திவிட்டது. மக்பூல் பாயின் தோல் சீலில் ஒரு சொட்டு ஈரமில்லை! அந்த மனிதர் இப்போது தெருவில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். அதையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை. நின்றது ஒரே லாரி, ராணிப்பேட்டைக்கு உப்புத் தோல் ஏற்றிப்போகும் லாரி. அந்த வாசனையை எழுத எனக்குத் தமிழ் போதாது. டிரைவர் காசி தங்கமான ஆள், அதுதான் வினை. ஆற்காட்டில் நாங்கள் மக்கன் பேடா இனிப்பு வாங்க நிறுத்தினார். கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை நீட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார். ராணிப்பேட்டையில் இறங்கிக்கொள்கிறோம் என்றோம். "கல்யாணப் பொண்ண நடுரோட்ல எறக்குறதா?" என்று வாலாஜா வரைக்கும் வந்து, மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் ஈக்கள் உள்ளே போயின. சவுரியம்மாள் முந்தானையால் மூக்கை மூடியவர் கடைசிவரை எடுக்கவில்லை. "யோசிச்சு சொல்லி அனுப்புறோம்" என்றார். அதற்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஜெயசீலி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பெற்றவன் மனம் எரிகிறது, மச்சான்.

ஆகையால் தயவுசெய்து இனிமேல் என் வீட்டுக் கார், மிக்ஸி, குழாய், கடிகாரம் எது பற்றியும் எனக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் அனுப்பினால் போதும். அதிலும் வாழ்த்து மட்டும் இருக்கட்டும். வீட்டில் அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் சைக்கிளைக் கர்த்தர் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக.

இப்படிக்கு,
ஏசுராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை ஐசக்கே பைக்கில் வந்து இறங்கினார். "தோல் லாரில ஏறியாவது சொன்ன நேரத்துக்கு வந்து நின்னாங்களே, இந்தப் பொண்ணுதான் நம்ம வீட்டுக்குன்னு அம்மா சொல்ட்டாங்க" என்றார். ஜெயசீலி சமையலறையில் சிரிக்கிறாள். ஆவணியில் கல்யாணம், இந்தக் காரில்தான் பெண் கோயிலுக்குப் போக வேண்டுமாம். வாஹித் பாஷா காரைக் கட்டி இழுத்து வந்து மறுபடி பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். பக்கத்தில் வாட்டர் பம்ப் இருக்கிறது. இப்போதைக்கு ஒழுகவில்லை. அவர் மாற்றச் சொல்கிறார், மாப்பிள்ளையும் மாற்றச் சொல்கிறார். மக்பூல் பாய் ஒரு துண்டுத் தோலோடு வாசலில் நிற்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், மச்சான்? உங்கள் பதில் வரும்வரை யாரையும் கை வைக்க விடமாட்டேன்.