அருவிக்குள் ஸ்வெட்டர்

எதையும் பாதி படித்துவிட்டு முழுதாகப் பதறுகிற ஆள் நான். தலைவலி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு உயில் எழுத உட்கார்ந்தவன். (மனைவி இதை மறுக்க மாட்டாள்.)

மகள் சங்கரி வேல்ஸில், ஒரு மலையடிவாரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்தது கிளாடிஸ் என்ற எழுபது வயது அம்மாளின் வீட்டில். ஆடு வளர்க்கிற குடும்பம். சாரல் தொடங்கிய ஒரு ஆனி மாதத்தில் இருவரும் தென்காசிக்கு வந்தார்கள். தன் ஆட்டு ரோமத்தில் தானே பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரை அந்த அம்மாள் எனக்குக் கொடுத்தார். குளிர்காலம் முழுக்கப் பின்னினாராம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் ஊர்ப் பெயரைக் கைபேசியில் தட்டினேன். எங்கோ தூர தேசத்தில் அணு உலை வெடித்து, அந்த மேகம் வேல்ஸ் மலையில் மழையாகப் பெய்து, புல்லிலிருந்து ஆட்டுக்குக் கதிர்வீச்சு ஏறியதாம். அனுமதியில்லாமல் ஆட்டை விற்கக் கூடாது, வேறிடத்துக்கு ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு, ஒவ்வொரு ஆடாக மீட்டர் வைத்துச் சோதித்ததாம். அதற்கு மேல் படிக்க முடியாமல் கண் இருட்டியது. என் பிள்ளை இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஞாயிறுதோறும் கறி தின்கிறாள்!

பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் ஸ்வெட்டரைக் கவனிப்போம் என்று தோன்றியது. பித்தமோ கிறுக்கோ, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், அருவியில் போய் நிற்பது. அணுவுக்கும் அதுவே என்று முடிவு செய்தேன். (நான் பி.எஸ்ஸி. இயற்பியல். கல்லூரிப் பெயர் வேண்டாம்.)

மறுநாள் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். பெண்கள் அவர்கள் பக்கம் குளிக்கப் போனதும், பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தேன். கையில் பிடித்தால் பேரருவி பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பதால் மாட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். கொஞ்ச நேரத்தில் அது முழங்கால் வரை இறங்கியது. போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"ஏ அண்ணாச்சி! குளிருதுன்னா வெளிய வாங்க. ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு அருவிக்குள்ள நின்னா என்னத்துக்கு ஆகும்?"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. கூட்டத்துக்கு முன்னால் ஈரத் தலையோடு மூன்று பேர்: மனைவி, சங்கரி, கிளாடிஸ்.

"எப்பா, என்னப்பா பண்ணுதிய?"

"இல்லம்மா... ரேடியேஷன் போகட்டும்னுதான்..."

அந்த ஒரு வார்த்தையை நான் தமிழில் சொல்லியிருக்கக் கூடாதா? கிளாடிஸின் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாக ஏதோ சொன்னார். சங்கரி என்னைப் பார்க்காமலே மொழிபெயர்த்தாள்.

"சந்தையில அவங்க ஆட்டையும் இப்படித்தான் தள்ளி நின்னு பாப்பாங்களாம். தடைய எடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சாம்ப்பா. அப்புறமும் அவங்க வீட்டுக்காரரு எல்லார் முன்னாலயும் கறிய முதல்ல தானே தின்னு காட்டித்தான் வித்தாராம்."

"அந்தச் செய்திய கடைசி வரைக்கும் படிச்சியளா?" என்றாள் மனைவி.

தடை நீங்கிய விஷயம் கடைசிப் பத்தியில் இருந்தது.

என் ஆங்கிலம் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. கைகூப்பினேன். கம்பளிக் கையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அந்த அம்மாளின் முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதுதான் சங்கரி வழியாகத் தீர்ப்பு வந்தது: வேறொன்று பின்னி அனுப்புவார். அவர் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நான் அதைப் போட்டிருக்க வேண்டும்.

சங்கரி படிப்பு முடிந்து அங்கேயே வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிறு தவறாமல் அவளும் கிளாடிஸும் வீடியோவில் வருகிறார்கள். சித்திரை வெயிலிலும் கழுத்து வரை அந்தப் புது ஸ்வெட்டரோடு உட்காருகிறேன்.

"எப்பா, வேர்க்குதா?"

"சேச்சே, இங்கன நல்ல குளிரு."

"பொய் சொல்லுதாரு, கிளாடிஸ் பாட்டிகிட்ட சொல்லுட்டி," என்று மனைவி பின்னாலிருந்து கத்துவாள். "உள்ள ஈரத்துண்டு சுத்தியிருக்காரு!"