புகைக்கு அறுபது நாள் அவகாசம்

நடுநிலைப் பிராணி என்று ஓர் இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், கிடைக்காது. குளிரூட்டிய கூட்ட அறைகளில், நீள மேசையின் நட்ட நடுவில், தண்ணீர்ப் பாட்டிலுக்கும் பெயர் அட்டைக்கும் பின்னால் கிடைக்கும். இந்தப் பக்கம் வணிகக்காரர்களும் அந்தப் பக்கம் சுற்றுச்சூழல்காரர்களும் மேசையைத் தட்டி அடித்துக்கொள்ளும்போது, அது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று ஆரம்பிக்கும். அவ்வளவுதான், அன்றைய கூட்டம் போச்சு. நானும் இந்த இனத்தில் ஓர் உருப்படிதான். அந்த உரிமையில், என்னைவிட நன்றாகத் தேறிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருக்கு வணிக அமைச்சகத்தில் பன்னாட்டு விதிகள் பிரிவில் வேலை. எந்த வாக்கியத்தையும் முழுசாக விட்டுவிட மனசு வராமல், பாதியில் 'இருந்தபோதிலும்' என்று ஒரு திருப்பம் வைப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'இருந்தபோதிலும் சார்' என்றே பெயர். ஆற்றைக் கெடுக்காமல் சாயம் போட்ட சட்டையும் ஆற்றைச் சாகடித்துச் சாயம் போட்ட சட்டையும் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டால் இரண்டும் சட்டைதானே, ஒன்றை விட்டு ஒன்றைத் தடுப்பது பாரபட்சமாகாதா என்று அவர் கேட்டால், ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கே ஒரு நிமிடம் 'அட, ஆமாம்ல' என்று தோன்றிவிடும். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது அறுபது நாள் வழக்கம். எந்தப் பொருளுக்காவது புதுக் கட்டுப்பாடு கொண்டுவருவதென்றால், பாதிக்கப்படும் நாடுகளுக்கு முன்கூட்டியே தெரிவித்து, கருத்துச் சொல்ல அறுபது நாள் கொடுக்க வேண்டும். என்ன பண்பாடு! என்ன நாகரிகம்! சோபாவைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று மனைவி கேட்டால்கூட, "மாடி வீட்டுக்காரங்களுக்குச் சத்தம் கேட்குமே, அவங்க கருத்தையும் கேட்டுடுவோமா?" என்பார். சோபா இன்றுவரை நகரவில்லை.

இப்படிப்பட்டவரின் தெருமுனையில் ஒரு தகரக் கொட்டகை முளைத்தது. வெளிநாடுகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய மின்கம்பிகள் கப்பலில் வந்து, லாரியில் ஏறி, அந்தக் கொட்டகையில் இறங்கின. மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையை எரித்துவிட்டு உள்ளே இருக்கிற செம்பை எடுப்பது அங்கே தொழில். அந்தச் சரக்குக்கு ஒரு காலத்தில் 'கழிவு' என்றுதான் பெயர்; கழிவென்றால் துறைமுகத்திலேயே தடுத்துவிடுவார்கள். அதை 'மறுபயன்பாட்டு மூலப்பொருள்' என்று மாற்றிய குறிப்பை எழுதியவர் யார் என்கிறீர்கள்? நம்மவரேதான். அன்றைக்கு மேலதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தார்.

காலை ஒன்பது மணிக்குக் கொட்டகையில் தீ மூட்டுவார்கள். ஒன்பதேகாலுக்கு அவர் மனைவிக்கு மூச்சு இழுக்கும். சின்ன வயசிலிருந்தே வீசிங் உள்ளவர். இத்தனை வருஷம் எப்போதாவது வந்து போனது, இப்போது தினசரி விருந்தாளியாகிவிட்டது. ஜன்னல்களையெல்லாம் அடைத்து, இடுக்கில் ஈரத்துணியைச் சொருகி, கையில் இன்ஹேலருடன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். படுத்தால் மூச்சு முட்டும்.

"என்னங்க, ஊர் உலகத்துக்கெல்லாம் கடிதம் எழுதறீங்க. நம்ம ஜன்னலுக்காக ஒரு மனு எழுதக் கூடாதா?" என்றார் ஒருநாள்.

அவருக்குச் சுருக்கென்றது. மனைவி என்றால் அவருக்கு உயிர். அதில் மட்டும் 'இருந்தபோதிலும்' கிடையாது. அன்றே உட்கார்ந்து, நகராட்சிக்கு 'மேற்படி கொட்டகையை உடனே மூட வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதினார். நல்ல வரி. அத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. மறுபடி படித்துப் பார்த்தார். 'உடனே' கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. 'உரிய காலத்தில்' ஆயிற்று. 'மூட வேண்டும்' என்பது அதிகபட்ச நடவடிக்கையல்லவா? 'தேவைக்கு மிகாத அளவில் கட்டுப்படுத்துவது பற்றிப் பரிசீலிக்கலாம்' ஆயிற்று. கடைசியில், இருபது வருஷப் பழக்க தோஷம், கை தானாகவே எழுதியது: 'பாதிக்கப்படும் தரப்பினர் கருத்துத் தெரிவிக்க அறுபது நாள் அவகாசம் அளிக்கப்படுகிறது. நகல்: கொட்டகை உரிமையாளருக்கு.'

தெருவே கையெழுத்துப் போட்டது. "சார் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று தையல்காரர் படிக்காமலே போட்டார்.

நாலாம் நாள் நகராட்சி சுகாதார ஆய்வாளர் போன் பண்ணினார்.

"சார், சீல் வைக்க ஆளும் வண்டியும் ரெடியா நின்னுச்சு. மனுவைப் படிச்சா நீங்களே அவருக்கு ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்கீங்க. பாதிக்கப்பட்டவங்களே டைம் குடுத்தப்புறம் நாங்க போய் எப்படி சார் பூட்டறது?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா" என்றார் இவர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்காரரே வீட்டு வாசலில் வந்து நின்றார். செம்புத்தூள் படிந்த கை, கையில் மனுவின் நகல், முகத்தில் உண்மையான குழப்பம்.

"சார், ஏதோ கருத்துச் சொல்லணும்னு போட்டிருக்கீங்க. எனக்குக் கம்பியைத் தவிர ஒண்ணும் தெரியாது. எழுதத் தெரிஞ்ச ஆளுன்னு கேட்டா எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க."

துரத்தியிருக்க வேண்டாமா? நீங்களாக இருந்தால் துரத்தியிருப்பீர்கள், இல்லையா? நம்மவர் அவர் கொண்டுவந்த தாளை வாங்கிப் பார்த்தார். 'அய்யா, எல்லாரும் புகை விடுகிறார்கள், நானும் விடுகிறேன்' என்று ஒரு வரி கிறுக்கியிருந்தது. நல்ல வாதம், பாழாய்ப் போகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். எதிர்த்தரப்பு வாதம் பலவீனமாக இருந்தால் விசாரணைக்கு என்ன மதிப்பு? உட்கார்ந்தார். மனைவி உள்ளறையில் இருமிக்கொண்டிருக்க, நாலு பக்கம் எழுதினார். எதிரே இருக்கும் ரொட்டிக்கடை அடுப்பும் புகைதான் விடுகிறது; கொட்டகையும் புகைதான் விடுகிறது; ஒரே தன்மையுள்ள இரண்டு புகைகளில் ஒன்றை அனுமதித்து மற்றதைத் தடுப்பது பாரபட்சம்; முதலில் ஜன்னல் அடைத்தல் முதலிய மென்மையான வழிகளை முயன்று பார்க்க வேண்டாமா? அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே ஆகச் சிறந்தது அதுதான். எழுதி முடித்ததும் இரண்டு தரம் வாய்விட்டுப் படித்து, தானே தலையாட்டிக்கொண்டார்.

அறுபதாம் நாள் நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. ஆய்வாளர் நாலு பக்கத்தையும் உரக்கப் படித்தார். கொட்டகை தொடர்ந்து நடக்கலாம், அடுத்த வருஷம் மறுபடி பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

"யார் எழுதினதோ, அசந்துபோயிட்டேன்" என்றார் ஆய்வாளர்.

கொட்டகைக்காரர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "சார்தாங்க எழுதிக் குடுத்தார். தங்கமான மனுஷன். தனக்கு எதிராவே எழுதினார்!"

தெரு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தையல்காரர், "அடப்பாவி" என்று மட்டும் சொன்னார். நம்மவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளுக்குள் ஒரு மூலையில், ஆய்வாளர் அசந்துபோனதை நினைத்து ஒரு குட்டிச் சந்தோஷம் இருந்ததையும் நான் மறைக்கக் கூடாது.

விசாரணைக்கு வந்திருந்த மனைவி அவருடனே வீடு திரும்பினார். வாசற்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு எப்பவும் ரெண்டு பக்கம் உண்டு. அதுல நான் எந்தப் பக்கங்க?"

"ஒரு விதத்துல பார்த்தா..." என்று ஆரம்பித்தார் அவர்.

மனைவி மருந்துப் பையையும் நாலு புடவையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை, மூச்சு விடப் போனார். இவர் காலையும் மாலையும் போன் பண்ணுகிறார். அங்கே போன பிறகு இருமல் இல்லையாம்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டே வரும்போது, 'கொட்டகையை மூடினால் அங்கே வேலை செய்கிறவர்கள் பாவம் இல்லையா, அதையும் பார்க்கணுமே' என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? எனக்குத் தோன்றியது. அதற்காக அழகாக ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன். போன மாதம் முழுக்க அதைத்தான் செதுக்கினேன். தோன்றியதில் தப்பே இல்லை, நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு கணத்தில் ஒரு பெண்ணுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருப்பது நம் இருவருக்குமே மறந்துபோயிற்று, பார்த்தீர்களா? புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உள்ளறையில் யாராவது இருமுகிறார்களா என்று கேளுங்கள்.