ஏழு வெளிச்சம், நிறம் பச்சை

குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கும் எவரும் தவறு செய்யலாம். ஆனால் செய்த தவறுக்கு எழுத்துமூலம் விளக்கம் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அந்த விளக்கம் உண்மையாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்ட வால்வுக்காரருக்கு இந்தச் சின்ன விஷயம் பிடிபடாமல் போனதால்தான் இவ்வளவும் நடந்தது.

மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் அவருடைய ராஜ்யம். விடிவதற்கு முன் வால்வைத் திறக்க வேண்டும். தொட்டி நிரம்பியதும் மூட வேண்டும். ஒரு புதன்கிழமை விடியற்காலை, மூடவேண்டிய நேரம் பார்த்து, அவர் தலையை நிமிர்த்தினார். வானத்தில் மூன்று வெளிச்சங்கள். வெள்ளை நிறம். சத்தமே இல்லாமல் வரிசையாக வந்து, தொட்டிக்கு நேர் மேலே நின்று, வந்த வழியே போய்விட்டன. அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்ற பதினொரு நிமிஷத்தில் தொட்டி வழிந்தது. தண்ணீர் சரிவில் இறங்கி, கீழே குடியிருக்கும் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் வீட்டு வாசலிலிருந்து ஒரு செருப்பை அடித்துக்கொண்டு போனது. வேறு யாருடைய செருப்பாக இருந்தாலும் இந்த ஊரில் வானத்தைப் பற்றி யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

மறுநாளே மெமோ வந்தது. வால்வுக்காரர் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வயித்துவலின்னு எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"வலிக்கலையே."

"யாரு வந்து உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கப்போறாங்க?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வருஷம் மட்டும் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தாறு வயிற்றுவலிகள் வந்து, முப்பத்தாறும் மறுபேச்சில்லாமல் ஏற்கப்பட்டிருந்தன. வேலை போனால் தொட்டியின் காலடியில் இருக்கும் அந்த இரண்டு அறை வீடும் போய்விடும். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் பாக்கி. அவளுக்கு அடிவயிற்றைக் கலக்கியது. அது நிஜமான வயிற்றுவலி. ஆனால் அவளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

விளக்கம் வழக்கத்துக்கு மாறாக இருந்ததால் விசாரணை அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். சாமானியமானவர் அல்ல. காணாமல் போன அலுவலக நாற்காலி ஒன்றை நாலு வருஷம் விசாரித்து, அதன்மேல்தான் தாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் கண்டுபிடித்து, அதற்காகப் பதவி உயர்வு பெற்றவர். அவர் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, குடையும் கோப்புமாகத் தொட்டிமேல் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"எங்கே அந்த வெளிச்சம்?"

"அது இருட்டுல வந்தது சார். விடியறதுக்கு முன்னாடி."

"என் வேலை நேரம் பத்துலேர்ந்து அஞ்சு. அதுக்குள்ள வரச் சொல்லியிருக்கணும்."

"யாரை சார்?"

"வெளிச்சத்தைத்தான்யா." குடையை மடக்கினார். "சரி, எந்தப் பக்கம் தெரிஞ்சுது?"

"மேலே சார்."

"மேலேன்னெல்லாம் எழுத முடியாது. படிவத்துல நாலு திசைதான் இருக்கு. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

வால்வுக்காரர் யோசித்து, வடக்கு என்றார். அதிகாரி வடக்கு வானத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு நிழலில் உட்கார்ந்து எழுதினார்: "சம்பவ இடத்தை நேரில் பார்வையிட்டதில் ஒரே ஒரு வெளிச்சம் மட்டுமே காணப்பட்டது. அது சூரியன் என அருகில் இருந்த ஊழியர் தெரிவித்தார். மேற்படி சூரியனுக்கும் வழிந்த தண்ணீருக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை."

"அப்போ என் கதி?" என்றார் வால்வுக்காரர்.

"ஒருத்தர் பார்த்தா அது பிரமை. பத்துப் பேர் பார்த்தா அது சம்பவம். மிச்சம் ஒன்பது பேரைத் தேடுவோம். கவலைப்படாதீங்க, அரசாங்கம் யாரையும் கைவிடாது."

ஊரெங்கும் அறிவிப்பு ஒட்டினார்கள். வெளிச்சம் கண்டோர் நேரில் வந்து வாக்குமூலம் தரலாம். தருவோருக்கு முத்திரையிட்ட சான்றிதழ் உண்டு. முதல் வாரம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வால்வுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு தினமும் அலுவலக வாசலில் நின்றுவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் நகரசபைத் தலைவரின் மனைவி.

அவருடைய வாக்குமூலத்தை அதிகாரி எழுந்து நின்றுகொண்டே எழுதினார்.

"ஏழு வெளிச்சம். பச்சை நிறம்" என்றார் தலைவரம்மா. "எங்க மொட்டை மாடியிலேர்ந்து பார்த்தேன்."

"ஏழுன்னு நிச்சயமா தெரியுங்களாம்மா?"

"ஏன், எட்டு வேணுமா?"

"ஏழே தாராளம்மா."

மறுநாளிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு வாக்குமூலம் எழுதினால் கை ஒடிந்துவிடும் என்பதால் படிவம் அச்சடித்தார்கள். "நான் வானத்தில் ஏழு (7) பச்சை நிற வெளிச்சங்களைக் கண்டேன்" என்பது வாசகம். கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், ஆம். விருப்பப்பட்டதில் குறியிடலாம்.

சான்றிதழ் இல்லாத வீட்டில் சுவர் இருந்து என்ன பிரயோஜனம் என்கிற நிலைமை வந்துவிட்டது. பல் டாக்டர் தன் பட்டத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் இதை மாட்டினார். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் "பெற்றோர் வெளிச்சம் கண்டவர்களா?" என்று ஒரு கேள்வி சேர்ந்தது. பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வெளிச்சம் பார்த்தவரா என்று கேட்டார்கள். தையல்காரர் பச்சைச் சட்டைக்கு ஏழு பொத்தான் வைத்துத் தைத்து மாளவில்லை. அன்றைக்கு வெளியூர் போயிருந்தவர்கள் வெளியூரிலிருந்தே பார்த்திருந்தார்கள். வரிசையில் கைகலப்புகூட நடந்தது. "நான் உனக்கு முன்னாடியே பார்த்தவன்டா!" என்று ஒருவர் இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். அது ஏழு பொத்தான் சட்டை, நாலு தெறித்துவிட்டது.

சாட்சிகள் எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு ஆனதும் அதிகாரி வால்வுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டார். தேநீர் வரவழைத்தார். வால்வுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒரு நல்ல செய்தி. வெளிச்சம் வந்தது உண்மைதான்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணமாயிடுச்சு."

"அப்பாடா!"

"ஒரு கெட்ட செய்தி. நீங்க அதைப் பார்க்கலை."

வால்வுக்காரர் தேநீரைக் கீழே வைத்தார். "நான்தானே சார் முதல்ல சொன்னேன்?"

"சொன்னீங்க. மூணு, வெள்ளைன்னு சொன்னீங்க. நானூத்துப் பன்னிரண்டு பேரு ஏழு, பச்சைங்கிறாங்க. அவ்வளவு பெரிய வெளிச்சம் ஊருக்கே தெரிஞ்சிருக்கு, தொட்டிமேல நின்ன உங்களுக்குத் தெரியலை. அப்போ அந்தப் பதினொரு நிமிஷம் நீங்க தூங்கியிருக்கீங்க. தூங்கினதோட இல்லாம அரசாங்கத்துக்குப் பொய்யும் எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"சார், என் கண்ணால பார்த்தேன் சார்."

"கண்ணு எல்லாருக்கும்தான் இருக்கு. மூணு நாள் டைம் தர்றேன். யோசிச்சுப் பாருங்க, ஒருவேளை ஏழு ஞாபகம் வரலாம்."

வீட்டுக்குப் போனால், மனைவி அலமாரியிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"மூணுதான் புள்ள" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாதா? நீங்க மூணுன்னா மூணுதான். உங்களுக்குப் பொய் வராதுன்னுதான் பாத்திரத்தைக் கட்டிட்டு இருக்கேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மூன்றாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போய், முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதிகாரி எழுந்து கை கொடுத்தார். குற்றச்சாட்டு ரத்தானது. அது மட்டுமா, முதல் சாட்சி என்கிற முறையில் அவருக்கு மரியாதை செய்வது என்று தீர்மானித்து, தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் சான்றிதழ் வழங்கும் மேஜையில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் சொல்லும் எண்ணிக்கையும் நிறமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. விடியற்காலையில் வால்வைத் திறந்தால் மூடும்வரை தலையைக் குனிந்தே நிற்பது என்று அவரும் வைராக்கியம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானத்தில், ஒரு பெண் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. சோப்பில் ஊறி வெளுத்த கையில் ஒரு மெமோவைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, போன வியாழக்கிழமை இருட்டோட வேலைக்குப் போயிட்டிருந்தேன். உங்க தொட்டிகிட்ட வந்தப்போ மேல பார்த்தேன். பார்த்தவ அப்படியே நின்னுட்டேன். கால் மணி நேரம் லேட்டு. எங்க சூப்பர்வைசர் ஏன்னு எழுதிக் கேட்டிருக்காரு. வேலையை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"என்ன பார்த்தே?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மூணு வெளிச்சம். வெள்ளையா. சத்தமே இல்லை."

போன வியாழக்கிழமை. அவர் அதே தொட்டிமேல், அதே மூன்றுக்கும் நேர் கீழே, வைராக்கியமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் எதிரே படிவம் இருந்தது. மூன்று என்று எழுதினால் இவளுக்கு என்ன நடக்கும் என்று இந்த ஊரிலேயே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

"தங்கச்சி, நல்லா கேட்டுக்கோ. ஏழு. பச்சை."

"இல்லண்ணே, மூணுதான்..."

"ஏழுன்னு எழுதினா உன் வேலை இருக்கும். நான் சொல்றேன், அவ்வளவுதான்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் பின்னால் கதவு திறந்திருப்பதையும், விசாரணை அதிகாரி அங்கே நிற்பதையும் இருவரும் கவனித்தார்கள். வால்வுக்காரர் அவசரமாகப் படிவத்தைக் கையால் மூடினார்.

அதிகாரி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். அந்தப் பெண்ணிடம் குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்:

"நடுவுல இருந்தது மட்டும் கொஞ்சம் மங்கல், இல்லே?"

அவள் கண்ணை விரித்தாள். "ஆமா சார்!"

வால்வுக்காரர் எழுந்தே விட்டார். நடுவில் இருந்தது மங்கல்தான். அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை என்பதால், அவர் மனைவியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

"போன வியாழக்கிழமை எனக்குத் தூக்கம் வரலை" என்றார் அதிகாரி. "குளியலறை ஜன்னல் வழியா பார்த்தேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வால்வுக்காரருக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தது.

அதிகாரிதான் முதலில் தொண்டையைச் செருமினார். "விசாரணை ஆரம்பிச்ச நாளிலேர்ந்து, ஒருத்தருக்கொருத்தர் கலந்து பேசாம மூணு பேரு ஒரே மாதிரி சொல்றது இதுதான் முதல் தடவை. ரொம்ப நம்பகமான சாட்சியம்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வால்வுக்காரரிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு படிவம் கொடுங்க. நான் இன்னும் ஏழு பார்க்கலை."