கொலு மண்டபத்தில் காய்ச்சல்

"என்னங்க, எதுக்கு பீரங்கிக்குப் பின்னாடி உக்காந்திருக்கீங்க?"

"சத்தம் போடாதே. மேனேஜர்!"

கிளார்க் பீரங்கிச் சக்கரத்தின் இடுக்கு வழியாக மறுபடி எட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கோட்டை வாசலில், அவர்கள் சேர்ந்திருந்த அதே சுற்றுலாக் கூட்டத்தில், மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மேனேஜர் சிரித்து முடித்திருந்தார்.

அந்தக் கோட்டையின் அந்தப்புரத்தை வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கல்யாணமானதிலிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிளார்க்கும் இந்த வருடம் யோக்கியமாக லீவு கேட்டுப் பார்த்தார். "யாருக்கும் லீவு கிடையாது. பொய் சொல்லி லீவு போட்டா மலை மேல இருக்கிற கிளைக்குத் தூக்கி அடிச்சிடுவேன்" என்றார் மேனேஜர். அந்தக் கிளைக்கு பஸ் வாரம் ஒருமுறை போகும், அதுவும் டிரைவருக்கு மனம் இருந்தால். ஆகவே இன்று காலை கிளார்க்குக்குக் காய்ச்சல் வந்தது. போனில் நன்றாக இருமியும் காட்டினார்.

"உங்க மேனேஜர் மட்டும் வரலாமாக்கும்?"

"அவர் டியூட்டியில வந்திருக்கார். பெரிய அதிகாரிக்கு ஊர் சுத்திக் காட்டறாரு."

"ஊரான் ஊரானுக்கு சுத்திக் காட்டினா டியூட்டி. புருஷன் பொண்டாட்டிக்குக் காட்டினா குத்தம். நல்ல ஆபீசு!"

அதற்குள் வழிகாட்டி இவரைப் பார்த்துவிட்டார். அவருக்கு ஊர்வலத்தில் கோஷம் போடுகிற குரல்.

"பீரங்கிக்குப் பின்னாடி பதுங்கியிருக்கிற சார்! வெளிய வாங்க. சண்டை முடிஞ்சு முந்நூறு வருஷமாச்சு!"

கூட்டம் சிரித்தது. கிளார்க் மனைவியின் சால்வையைப் பிடுங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சார், இந்த வெயில்ல போர்வை? காய்ச்சலா?"

வேறு நோயே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு? கிளார்க் சட்டென்று மதில் பக்கம் திரும்பி, ஒரு கருங்கல்லை மிகுந்த வரலாற்று ஆர்வத்துடன் தடவிக் கொடுத்தார்.

"ஊர் முழுக்கக் காய்ச்சல்தான் சார்" என்று மேனேஜர் அதிகாரியிடம் சொல்வது கேட்டது. "எங்க ஆபீஸே இன்னைக்கு வெறிச்சோடிக் கிடக்கு."

தான் ஒருவன் வராததற்கு ஆபீஸே வெறிச்சோடிவிட்டதா! இத்தனை வருட வேலையில் முதல்முறையாகக் கிளார்க்குக்கு நெஞ்சு நிறைந்தது. இவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறவர் சம்பள உயர்வு கேட்டபோது அதை வெளியே காட்டிக்கொள்ளாததுதான் வருத்தம்.

அடுத்தது ஒரு வட்ட மண்டபம். அதன் சிறப்பை வழிகாட்டி வாசலிலேயே விளக்கிச் சொன்னார். கடைசி ஆளாகப் பம்மிப் பம்மி வந்த கிளார்க்குக்கு அது காதில் விழவில்லை. இருட்டான இடமாகப் பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்று, மனைவியிடம் மெல்லக் கிசுகிசுத்தார்.

"அந்தக் கூழைக்கும்பிடு ஆசாமி போயாச்சா பாரு."

சுவரில் ஒருவர் கிசுகிசுத்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும் என்பதுதான் அந்த மண்டபத்தின் சிறப்பு.

"கூழைக்கும்பிடு ஆசாமி... ஆசாமி... போயாச்சா..." என்று எட்டுத் திசையும் விசாரித்தது.

"பிரமாதம்! இப்படித்தான் ராஜா ஒற்றர்களைப் பிடிப்பாரு" என்றார் வழிகாட்டி.

"யாரைச் சொல்றாங்க?" என்று அதிகாரி மேனேஜரைப் பார்த்தார்.

மேனேஜரின் முகம் சிவந்தது. "தெரியல சார். ஆனா இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேன்."

கிளார்க் ஓட்டமெடுத்தார். நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஒரு கதவு இருந்தது. அது கொலு மண்டபத்துக்குப் போனது.

அங்கே ஒரு போட்டோக்காரர் கடை விரித்திருந்தார். காலியாக ஒரு சிம்மாசனம். அதைச் சுற்றி மந்திரி, தளபதி, இரண்டு காவலாளிகள் எனச் சபையே வேஷம் போட்டு நின்றது. மந்திரி தாடியால் கண் வரைக்கும் மூடியிருந்தார். தளபதி கேடயத்தை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். காவலாளிகள் சுவரைக் காவல் காத்தார்கள். கூலிக்கு மாரடிக்கிறவர்கள், வேறெப்படி நிற்பார்கள் என்று கிளார்க் நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, என்னைக் காப்பாத்துங்க! பின்னாடி வர்றது என் மேனேஜர். அவரைப் பொறுத்தவரைக்கும் நான் காய்ச்சல்ல படுத்திருக்கேன்."

போட்டோக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. "ஆம்பளைக்குன்னா ராஜா உடுப்புதான் இருக்கு. சீக்கிரம் மாட்டுங்க."

மீசை, தாடி, கிரீடம் எல்லாம் ஏறியது. ஒளிந்துகொள்ள இடம் தேடி வந்தவர் மண்டபத்தின் நட்டநடுவில், சிம்மாசனத்தில், விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தார். மனைவி தூணில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் உள்ளே வந்தது. அதிகாரிக்கு ராஜாவை மிகவும் பிடித்துவிட்டது.

"மேனேஜர், நீங்க குடிமகன் மாதிரி முன்னால நின்னு கும்பிடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம். ராஜாகிட்ட ஏதாவது கேளுங்களேன்!"

மேனேஜர் கைகூப்பி, முதுகை வளைத்து, கிளார்க்கின் மூக்கருகே முகத்தைக் கொண்டுவந்தார். கிளார்க்குக்கு மலை மேல் பஸ் ஏறிப் போவது கண்முன் தெரிந்தது.

"மகாராஜா, பொய் சொல்லி லீவு போடறவங்களை என்கிட்ட காட்டிக் குடுங்க."

மந்திரிக்குப் புரையேறியது. ஒரு காவலாளியின் வேல் கீழே விழுந்தது. ராஜா கையைத் தூக்கி, அப்படியே ஆகட்டும் என்று ஆசி வழங்கினார். படம் எடுத்தாயிற்று. மேனேஜர் ராஜாவுக்கு இன்னொரு கும்பிடும் போட்டுவிட்டு, அதிகாரிக்குப் பின்னால் அந்தப்புரத்துக்குள் போய் மறைந்தார்.

கிளார்க் பெருமூச்சு விட்டுக் கிரீடத்தைக் கழற்றப் போனார். போட்டோக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"மந்திரி, தளபதி, காவலாளி ரெண்டு பேர், இப்ப நீங்க! உங்க ஆபீஸ்ல இன்னும் யாருக்காவது காய்ச்சல்னா இப்பவே சொல்லிடுங்க சார், என்கிட்ட இனிமே ராணி உடுப்பு மட்டும்தான் மிச்சம்."