விக்லண்டின் மீன்

மீன்பிடி விடுதியின் மதியச் சாப்பாட்டில் மூன்றாவது மீன் துண்டையும் முடித்துவிட்டு, "வாயில வெண்ணெயா கரையுது, வெர்னா," என்று பாராட்டிய விக்லண்ட், கையைத் துடைத்துக்கொண்டே தன் மீனை எப்போது பெட்டியில் கட்டுவார்கள் என்று கேட்டார். ஆறு மணிக்குக் கடல் விமானம் வந்துவிடும். நேற்றுப் பிடித்த முப்பத்து மூன்று பவுண்டு கிங் சால்மனைத் தலை, வால் குலையாமல் ஊருக்குக் கொண்டுபோய், பாடம் பண்ணிச் சுவரில் மாட்டப் போகிறார்.

சமையல்காரி வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் அடுப்படி மேசைமேல் ஒரு பெரிய மீன் கிடந்தது. கடைசி நாளன்று எல்லோருக்குமாக யாராவது ஒரு மீனைக் கொடுத்துவிட்டுப் போவது அந்த விடுதியில் வழக்கம்தான். அதனால் யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

படகுத்துறைக்கு ஓடிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மீன் படுத்திருந்த பள்ளம் மட்டும் ஐஸில் அச்சாகத் தெரிந்தது.

கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகோட்டி ஆன்செல் எட்டிப் பார்த்தான். மதியம் சமைத்தது விக்லண்டின் மீனைத்தான் என்று அவனிடம் சொன்னாள்.

"தலையாவது இருக்கா?"

"சூப்புல இருக்கு."

"சூப்பு?"

"அதையும் அவருதான் ரெண்டு கிண்ணம் குடிச்சாரு."

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் முதலாளி ஹால்வர், போன வருடம் ஒரு விருந்தாளியின் ஹாலிபட் மீனைப் பெட்டி மாற்றி அனுப்பியவனை, அடுத்த விமானத்திலேயே ஏற்றி அனுப்பியவர். வெர்னாவுக்கு வயது ஐம்பத்தொன்று. இந்தத் தீவுக் கரையில் குளிர்காலத்தில் வேறு வேலையும் கிடையாது.

அவளிடம் மீன்பிடி உரிமம் இருந்தது. எட்டு வருடமாக விருந்தாளிகள் பிடித்ததைச் சமைத்துப் போட்டாளே தவிர, அதை வைத்து ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. விருந்தாளிகள் துணி மடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் ஒன்று பிடித்துவிட வேண்டும் என்று முடிவானது. ஒன்றரை மணிக்கு, சமையல் அங்கியைக்கூடக் கழற்றாமல் படகில் ஏறினாள்.

தூண்டிலை நடு ஆழத்தில் நிறுத்தச் சொன்னான் ஆன்செல். அவளுக்கு இருந்த அவசரத்தில் அது அடிமட்டத்துக்கே போய்விட்டது. உடனே ஏதோ கவ்வியது. நாற்பது நிமிடம் மல்லுக்கட்டினாள். தோள் இரண்டும் விட்டுப்போயின. கடைசியில் கதவுப் பலகை போல ஒரு ஹாலிபட் மேலே வந்து, ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தது. நூறு பவுண்டு தேறும்.

வெர்னா கத்தியை எடுத்துத் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டாள்.

ஆன்செல் தொப்பியைக் கழற்றினான். "இந்த சீசன்ல இவ்ளோ பெருசை யாரும் பாக்கல. இதுக்காக எங்கெங்கயிருந்தோ பறந்து வர்றானுங்க. நீ பாட்டுக்கு அறுத்து விட்டுட்ட."

"இதைக் கொண்டுபோய் சால்மன்னு சொல்ல முடியுமாப்பா?"

இரண்டாவதும் ஹாலிபட்தான். அடுத்து ஒரு சின்ன வெள்ளி சால்மன் வந்தது. ஐந்து மணிக்குக் கால் மணி இருக்கும்போது, அவள் கண்ணீரும் கடல்நீருமாக நின்ற நேரத்தில், கிங் சால்மன் ஒன்று மாட்டியது. படகுக்குள் விழுந்ததும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் பெருசா இருக்கோ?" என்றாள்.

"நேத்து அவரு கண்ணாடி போடல. விடு."

விக்லண்ட் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் துறைக்கு வந்தார். மீனைப் பார்த்து முகம் மலர்ந்தது. பெட்டி கட்டுவதற்கு முன்னால், விமானத்துக்காக ஒரு தடவை எடை போட்டுவிடலாம் என்றார். முள் நாற்பத்தொன்றில் போய் நின்றது.

ஆன்செல்தான் முந்திக்கொண்டு, நேற்று மழையில் தராசுக்குள் தண்ணீர் போய்விட்டது, நனைந்த தராசு குறைத்துத்தான் காட்டும் என்று விளக்கம் சொன்னான். வெர்னா தலையை ஆட்டி வைத்தாள்.

அந்தத் தலையாட்டல்தான் வினையானது. சீசனின் மிகப் பெரிய கிங் சால்மன் என்று பல் மருத்துவர் பெர்கோவின் பெயர் ஒரு மாதமாகத் துறையின் கரும்பலகையில் இருந்தது. முப்பத்தெட்டு பவுண்டு. முதல் பரிசு, அடுத்த வருடம் ஒரு வாரம் இலவசத் தங்கல். ஹால்வர் சாக்பீஸை எடுத்து பெர்கோவின் பெயரை அழித்து, விக்லண்டின் பெயரை எழுதினார்.

இந்த வாரம் இரண்டாம் முறையாக வந்து தங்கியிருந்த பெர்கோவ் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தராசு குறைத்துக் காட்டியது என்றால் தன் மீனுக்கும் குறைத்துத்தானே காட்டியிருக்கும் என்று ஆரம்பித்தார். அந்த மீனை எடை போட்ட அன்று மழை இல்லை என்றார் ஹால்வர். இருந்தது என்றார் பெர்கோவ். மழையா இல்லையா என்று ஆன்செலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். லேசான தூறல் என்றான் அவன். அந்தப் பதில் இருவருக்குமே பிடிக்கவில்லை. இருபது வருடம் ஒன்றாகவே மீன் பிடித்த பெர்கோவும் விக்லண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விமானத்தின் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள்.

வெர்னாவுக்குத் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. ஆனாலும் ஹால்வர் முன்னால் வாய் வரவில்லை. திருமதி விக்லண்ட் கடைசி ஆளாகக் கைப்பையோடு பலகைப் பாலத்தில் நடந்து வந்தார். பையை வாங்குவது போல அவரை ஓரமாக அழைத்துப் போனாள்.

"மேடம், மன்னிச்சிருங்க. உங்க வீட்டுக்காரரு மீனை மதியம் சமைச்சுட்டேன். பெட்டியில இருக்கிறது நான் பிடிச்சது. தெரியாம நடந்துபோச்சு. எப்படித்தான் அது அடுப்படிக்கு வந்துச்சுன்னே புரியல."

அந்த அம்மாள் பெட்டியைப் பார்த்தார். பிறகு வெர்னாவைப் பார்த்தார். கோபப்படவில்லை, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"விடியக்காலையில தள்ளுவண்டியில வச்சுக் கொண்டாந்து போட்டதே நான்தாம்மா. வீட்டுல ஏற்கெனவே பதினோரு மீன் சுவத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது."